அடுப்படிக்காரன் கையில் துப்பாக்கி

(மாணவர் சந்திப்பு ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



போன கூட்டத்துல நான் பேசி முடிச்சதும் ஒரு தம்பி எழுந்து ஒரு கேள்வி கேட்டார். "பட்டாளத்துக்குப் போனவங்களைப் பத்தி நாம எதுக்குப் பெருமையாப் பேசணும்? வெள்ளைக்காரன் சண்டையில வெள்ளைக்காரனுக்காகச் செத்தவங்கதானே அவங்க? மெடல் குத்திக்கிட்டா அடிமைத்தனம் போயிடுமா?" நியாயமான கேள்வி. அன்றைக்கு நேரமில்லை என்று ரெண்டு வரியில ஏதோ சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். அந்தப் பதில் எனக்கே திருப்தியாக இல்லை. இன்றைக்கு அந்தத் தம்பிக்குத்தான் பேசப் போகிறேன். ஆனால் நம்மூர்க் கதையை வைத்து அல்ல. அமெரிக்கக் கப்பற்படையில் அடுப்படி வேலை பார்த்த ஒரு கறுப்பு மாலுமியின் கதையை வைத்து.

அவர் பெயர் டோரிஸ் மில்லர். டெக்ஸாஸ் மாநிலத்தில் வேக்கோ என்கிற ஊர்ப்பக்கம் 1919 அக்டோபர் 12ல் பிறந்தவர். அப்பா வாரத்துக்கு நிலம் உழுத விவசாயி. தாத்தா பாட்டி அடிமைகளாக இருந்தவர்கள். டோரிஸ் என்பது பெண்ணுக்கு வைக்கிற பெயர். பெண் குழந்தைதான் பிறக்கும் என்று எதிர்பார்த்து முன்கூட்டியே யோசித்து வைத்த பெயராம், பையன் பிறந்தும் மாற்றவில்லை. இந்தப் பெயர் விஷயத்தை நினைவில் வச்சுக்குங்க. பின்னாடி அதுக்கு வேலை இருக்கு.

வேக்கோ எப்படிப்பட்ட ஊர்? டோரிஸ் பிறப்பதற்கு மூன்று வருஷம் முன்னாடி, 1916 மே 15ல், ஜெஸ்ஸி வாஷிங்டன் என்கிற 17 வயசுக் கறுப்புப் பையனை நீதிமன்றத்திலிருந்தே இழுத்துக்கொண்டுபோய், நகரமன்றத்துக்கு முன்னால் மரத்தில் சங்கிலியில் கட்டி, தீயில் இறக்கி ஏற்றி எரித்துக் கொன்றார்கள். ஆயிரக்கணக்கான வெள்ளையர்கள் கூடி நின்று வேடிக்கை பார்த்தார்கள். போட்டோ எடுத்து, அதைத் தபால் அட்டையாக அச்சடித்து விற்றார்கள். அந்தப் படங்களை 'தி க்ரைசிஸ்' பத்திரிகையில் போட்டு உலகத்துக்குக் காட்டியவர் டு பாய்ஸ். பின்னால் 1946ல் நம்ம அம்பேத்கர் கடிதம் எழுதியது இதே டு பாய்ஸுக்குத்தான். அமெரிக்கக் கறுப்பர்கள் ஐ.நா. சபைக்கு மனுக் கொடுக்கிறார்களாமே, அதன் பிரதி கிடைக்குமா என்று கேட்டு எழுதினார். வெண்மணியை அறிந்த நமக்கு வேக்கோவை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

அந்த ஊரில் வளர்ந்த பையன். நல்ல உயரம், நல்ல உடம்பு. பள்ளிக்கூடத்தில் கால்பந்து ஆடினார். படிப்பு பாதியில் நின்றது. வேலை இல்லை. 1939 செப்டம்பரில் கப்பற்படையில் சேர்ந்தார். சேர்ந்த பையனுக்குக் கொடுத்த வேலை என்ன? மெஸ் அட்டெண்டன்ட், மூன்றாம் நிலை. அதாவது வெள்ளை அதிகாரிகளுக்குச் சாப்பாடு பரிமாறுவது, தட்டுக் கழுவுவது, படுக்கை விரிப்பது, துணி மூட்டை தூக்குவது, ஷூவுக்குப் பாலிஷ் போடுவது. கறுப்பனுக்குக் கப்பலில் கிடைத்தது அவ்வளவுதான்.

அது எப்போதும் அப்படி இருந்ததில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அமெரிக்க உள்நாட்டுப் போர்க் காலத்தில் கறுப்பர்கள் வெள்ளையர்களோடு ஒரே கப்பலில் மாலுமிகளாக இருந்திருக்கிறார்கள். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக ஒதுக்கி, 1919லிருந்து 1932 வரைக்கும் புதிதாகக் கறுப்பர்களைச் சேர்ப்பதையே நிறுத்திவிட்டார்கள். அடுப்படி வேலைக்குப் பிலிப்பைன்ஸ்காரர்களை எடுத்தார்கள். மறுபடி கதவைத் திறந்தபோது அடுப்படிக் கதவை மட்டும் திறந்தார்கள்.

இதை நம்ம கதையோடு பக்கத்துல வச்சுப் பாருங்க. மகர்கள் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் இருந்தவர்கள். 1818 கோரேகாவ் உங்களுக்குத் தெரியும். அம்பேத்கரின் அப்பா ராணுவத்தில் சுபேதார். அப்படிப்பட்ட சமூகத்தை 1890களின் தொடக்கத்தில் "போர்க்குணம் உள்ள சாதி இல்லை" என்று சொல்லிச் சேர்ப்பதை நிறுத்தினான் வெள்ளைக்காரன். முதல் உலகப் போரில் ஆள் தேவைப்பட்டது, 1917ல் 111வது மகர் படையை எழுப்பினான். போர் முடிந்தது, 1921ல் கலைத்தான். இரண்டாம் போர் வந்தது, 1941ல் மகர் ரெஜிமெண்ட். தேவைன்னா கூப்பிடு, தேவை முடிஞ்சா துரத்து. அங்கேயும் அதே கணக்குதான்.

ஒரே ஒரு வித்தியாசம் உண்டு. அங்கே கறுப்பன் சமைக்கலாம், பரிமாறலாம், வெள்ளைக்காரன் படுக்கையைத் தொடலாம். துப்பாக்கியைத்தான் தொடக்கூடாது. இங்கே நம்மைக் காவலுக்கு நிறுத்துவான், பிணம் தூக்கச் சொல்வான், அடுப்படிக்குள்ளே மட்டும் விடமாட்டான். அவனுக்கு அடுப்படிதான் சிறை, நமக்கு அடுப்படிதான் பூட்டிய கதவு. பூட்டு வேறவேற இடத்துல தொங்குது. சாவி யார் கையில இருக்குன்னு பார்த்தா ரெண்டு இடத்துலயும் ஒண்ணுதான். தீட்டு அங்கே இல்லை என்றும் நினைத்துவிடாதீர்கள். போர் தொடங்கிய நேரத்தில் அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கம் கறுப்பர்களின் ரத்தத்தை வாங்க மறுத்தது. எதிர்ப்பு வந்த பிறகு 1942 ஜனவரியிலிருந்து வாங்கியது, ஆனால் தனியாகச் சீட்டு ஒட்டித் தனியாக வைத்தது. வெள்ளைச் சிப்பாய் செத்தாலும் சாகலாம், கறுப்பு ரத்தம் ஏறக்கூடாது! இதற்குத் தமிழில் தீட்டு என்பதைத் தவிர வேறு சொல் எனக்குத் தெரியவில்லை.

சரி, டோரிஸ் மில்லருக்கு வருவோம். 1940 ஜனவரியில் அவரை 'வெஸ்ட் வெர்ஜீனியா' என்கிற பெரிய போர்க்கப்பலுக்கு அனுப்பினார்கள். அந்தக் கப்பலின் ஹெவிவெயிட் குத்துச்சண்டைச் சாம்பியன் ஆனார். மேடையில் குத்தலாம், கீழே இறங்கினால் தட்டுக் கழுவணும்.

1941 டிசம்பர் 7, ஞாயிற்றுக்கிழமை காலை. ஹவாயில் பேர்ல் துறைமுகம். டோரிஸ் அதிகாரிகளின் அழுக்குத் துணிகளை மூட்டை கட்டிக்கொண்டிருக்கிறார். எட்டு மணி வாக்கில் ஜப்பானிய விமானங்கள் வந்து விழுகின்றன. அபாயச் சங்கு ஊதுகிறது. சண்டை என்று வந்தால் அவருக்கு ஒதுக்கப்பட்ட இடம் விமான எதிர்ப்புப் பீரங்கிகளுக்கான குண்டுக் கிடங்கு. ஓடிப்போய்ப் பார்க்கிறார். டார்பிடோ தாக்கி அந்த இடமே சிதைந்து கிடக்கிறது. மேல்தளத்துக்கு வருகிறார். அடிபட்டவர்களைத் தூக்கிப் போகிறார். அவருடைய உடல்பலம் தெரிந்த ஓர் அதிகாரி அவரைக் கப்பல் தலைவர் இருக்கும் மேடைக்குக் கூட்டிப் போகிறார். அங்கே கேப்டன் பென்னியன் வயிற்றில் குண்டுச்சில் பாய்ந்து கிடக்கிறார். பக்கத்துக் கப்பலில் விழுந்த குண்டின் சில். அவரை நெருப்புக்கும் குண்டுக்கும் நடுவில் கொஞ்சம் மறைவான இடத்துக்குத் தூக்கி வைக்கிறார்கள். கேப்டன் பிழைக்கவில்லை.

அங்கே ஆளில்லாமல் இரண்டு இயந்திரத் துப்பாக்கிகள் நின்றன. குண்டு எடுத்துக் கொடு என்றுதான் டோரிஸிடம் சொன்னார்கள். சொன்ன அதிகாரி திரும்பிப் பார்க்கும்போது டோரிஸே ஒரு துப்பாக்கியைப் பிடித்துச் சுட்டுக்கொண்டிருக்கிறார்! அந்தத் துப்பாக்கியில் அவருக்கு யாரும் பயிற்சி கொடுக்கவில்லை. மற்றவர்கள் சுடுவதைப் பார்த்திருக்கிறேன், விசையை இழுத்தேன், அது ஒழுங்காக வேலை செய்தது என்கிற மாதிரி ரொம்பச் சாதாரணமாகப் பின்னால் சொன்னார். கால் மணி நேரம் போலச் சுட்டிருப்பார். குண்டு தீரும் வரைக்கும், மேடையை விட்டு இறங்கு என்று உத்தரவு வரும் வரைக்கும் சுட்டார். அதற்குப் பிறகும் எண்ணெய் மிதக்கும் தண்ணீரிலிருந்து ஆட்களை இழுத்துக் காப்பாற்றினார். கப்பல் துறைமுகத்தின் அடித்தளத்தில் போய் உட்கார்ந்தது. அந்தக் கப்பலில் மட்டும் நூறு பேருக்கு மேல் செத்தார்கள்.

எத்தனை விமானம் வீழ்த்தினார்? ரெண்டு, நாலு, ஆறு என்று அப்புறம் பலரும் பலவிதமாக எழுதினார்கள். அதெல்லாம் உறுதியான கணக்கு அல்ல. பதக்கத்துக்கான அரசு வாசகமும் எண்ணிக்கை எதையும் சொல்லவில்லை. நமக்கும் அந்த எண்ணிக்கை தேவையில்லை. நம் ஆளைப் பற்றிப் பேசும்போது ஊதிப் பெருக்க வேண்டிய அவசியம் நமக்கு இல்லை தோழர்களே. நடந்ததே போதும்.

இனிமேல்தான் முக்கியமான விஷயம். கொஞ்சம் கவனமாக் கேளுங்க.

1942 ஜனவரி 1ல் கப்பற்படை, அன்றைய தினம் வீரமாக நடந்துகொண்டவர்களைப் பாராட்டி ஒரு பட்டியல் வெளியிட்டது. வெள்ளையர்களுக்கெல்லாம் பெயர் இருந்தது. ஓர் இடத்தில் "பெயர் தெரியாத ஒரு நீக்ரோ" என்று இருந்தது. அவ்வளவுதான்! தினம் காலையில் காப்பி கொண்டுவந்து வைத்தவன், படுக்கை விரித்தவன், குத்துச்சண்டையில் கப்பலுக்கே சாம்பியன். அவன் பெயர் தெரியாதாம். பெயர் தெரியாமல் இல்லை, தெரிந்துகொள்ள வேண்டிய அவசியம் இல்லை. நம்ம தெருவிலிருந்து வேலைக்குப் போகிற அறுபது வயசுப் பெரியவரை "டேய்" என்று கூப்பிடுகிறானே பண்ணையார் வீட்டுப் பொடியன், அவனுக்கு மட்டும் அவர் பெயர் தெரியுமா?

அந்தப் பெயரைக் கண்டுபிடிக்க ஒரு போராட்டம் நடந்தது. கறுப்பர்களின் சங்கமான என்.ஏ.ஏ.சி.பி. குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட்டுக்கு எழுதியது. 'பிட்ஸ்பர்க் கூரியர்' என்கிற கறுப்பர் பத்திரிகை தேடிக்கொண்டே இருந்தது. மார்ச் மாதம் நடுவில்தான் பெயர் வெளியே வந்தது. அதிலும் டோரிஸ் என்பதை 'டோரி' என்று அச்சடித்தார்கள். அந்தப் பெயரே ஊர் முழுக்கப் பரவிவிட்டது. பெற்றவர்கள் வைத்த பெயர் சரியாகப் போய்ச் சேரவே ரொம்ப நாள் ஆனது.

பெயர் வந்ததும் அடுத்த கோரிக்கை எழுந்தது. நாட்டின் மிக உயர்ந்த பதக்கமான 'மெடல் ஆஃப் ஹானர்' கொடு என்றார்கள். காங்கிரசின் இரண்டு அவைகளிலும் மசோதா கொண்டுவந்தார்கள். கப்பற்படை அமைச்சர் பிராங்க் நாக்ஸ் எதிர்த்தார். ஒரு பாராட்டுக் கடிதம் போதும் என்றார். கடிதமும் கொடுத்தார்கள். மக்கள் விடவில்லை. கடைசியில் ரூஸ்வெல்ட் ஒப்புதலோடு 'நேவி கிராஸ்' பதக்கம் கொடுப்பது என்று மே மாதம் முடிவானது. 1942 மே 27ல், 'என்டர்பிரைஸ்' என்கிற விமானந்தாங்கிக் கப்பலின் தளத்தில் அட்மிரல் நிமிட்ஸ் அவர் நெஞ்சில் அந்தப் பதக்கத்தைக் குத்தினார். நேவி கிராஸ் பெற்ற முதல் கறுப்பர் டோரிஸ் மில்லர். அவர் தூக்கிக் காப்பாற்ற முயன்ற கேப்டனுக்கு, இறந்த பிறகு, மெடல் ஆஃப் ஹானர் கிடைத்தது. அந்த நாளுக்காக 15 பேருக்குக் குறையாமல் அந்தப் பதக்கம் கொடுத்தார்கள். ஒரு கறுப்பருக்கும் இல்லை.

தம்பி, உங்க கேள்விக்கு முதல் பதில் இதுதான். துப்பாக்கி பிடித்தது கால் மணி நேரம். பதக்கம் வாங்க ஐந்து மாதம் சண்டை. அந்த ஐந்து மாதச் சண்டையைச் செய்தது ராணுவம் அல்ல. பத்திரிகைக்காரர்கள், சங்கத்துக்காரர்கள், மனு எழுதிய சாதாரண ஜனங்கள். அந்தப் பதக்கத்தை வெள்ளை அரசாங்கத்தின் பிச்சை என்று சொன்னால் இந்த ஜனங்களை நாம் அவமதிக்கிறோம். அது பிடுங்கி வாங்கியது.

அதே நேரத்தில் 'பிட்ஸ்பர்க் கூரியர்' இரட்டை வெற்றி என்று ஒரு இயக்கம் நடத்தியது. வெளியே பாசிசத்தின் மேல் ஒரு வெற்றி, உள்ளே இனவெறியின் மேல் ஒரு வெற்றி. ஹிட்லரை எதிர்த்துச் சண்டை போடச் சொல்றியே, உன் ஊர்ல எனக்குத் தனி வரிசை வச்சிருக்கியே, அதுக்கு என்ன பதில்? பதில் சொல்ல வேண்டிய நெருக்கடியில் 1942 ஜூன் 1 முதல் கறுப்பர்களை அடுப்படிக்கு வெளியே உள்ள வேலைகளுக்கும் சேர்ப்பதாகக் கப்பற்படை அறிவித்தது. அதிலும் ஒரு சூது. பெரும்பாலும் கரையோரத்திலும் சின்னப் படகுகளிலும்தான் வேலை.

இரண்டாவது பதில் கொஞ்சம் கசப்பானது. மெடல் குத்திக்கிட்டா அடிமைத்தனம் போயிடுமான்னு கேட்டீங்களே? போகாது. பதக்கம் வாங்கிய டோரிஸ் மறுபடி எங்கே போனார்? மெஸ்ஸுக்குத்தான். இரண்டாம் நிலையிலிருந்து முதல் நிலை மெஸ் அட்டெண்டன்ட் ஆக்கினார்கள். வீரன் கையில் திரும்பவும் தட்டு. கறுப்பர் பத்திரிகைகள் இதைத் தோலுரித்து எழுதின. வெள்ளை வீரர்களை ஊர் ஊராக அழைத்துப்போய்க் கொண்டாடுகிறீர்கள், இவரை ஏன் அனுப்பவில்லை என்று கேட்டன. அதன் பிறகுதான் 1942 கடைசியில் அவரை ஊருக்கு அனுப்பினார்கள். போர்ப் பத்திரம் விற்கக் கூட்டங்களில் பேச வைத்தார்கள். 1943ல் அவர் முகத்தைப் போட்டுப் பெரிய சுவரொட்டி அச்சடித்தார்கள், நெஞ்சில் நேவி கிராஸோடு. ஆள் எடுக்க அந்த முகம் உதவியது. அரசு எதையும் சும்மா கொடுப்பதில்லை. கொடுத்ததையும் தனக்கே பயன்படுத்திக்கொள்ளும். இதையும் நாம் மறக்கக்கூடாது.

1943 ஜூனில் அவரைக் கப்பல் சமையல்காரர், மூன்றாம் நிலை என்று உயர்த்தி 'லிஸ்கம் பே' என்ற சிறிய விமானந்தாங்கிக் கப்பலில் போட்டார்கள். 1943 நவம்பர் 24 விடியற்காலை, பசிபிக்கில் மேக்கின் தீவுக்குப் பக்கத்தில், ஜப்பானிய நீர்மூழ்கி விட்ட டார்பிடோ அந்தக் கப்பலின் குண்டுக் கிடங்கு இருந்த பகுதியைத் தாக்கியது. 23 நிமிஷத்தில் மூழ்கியது. 272 பேர் பிழைத்தார்கள், 640க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். டோரிஸ் உடல் கிடைக்கவில்லை. பெற்றவர்களுக்கு மகனைக் காணோம் என்று செய்தி வந்த நாள் டிசம்பர் 7. அதே டிசம்பர் 7. அப்போது அவருக்கு வயது 24. நேவி கிராஸ், பர்ப்பிள் ஹார்ட், அமெரிக்கப் பாதுகாப்புச் சேவைப் பதக்கம், ஆசிய-பசிபிக் போர்ப் பதக்கம், இரண்டாம் உலகப் போர் வெற்றிப் பதக்கம். இத்தனையும் அவர் பெயரில் இருக்கின்றன. செத்தது சமையல்காரராக.

மூன்றாவதாக ஒன்று. டோரிஸை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்தினால் அது பாதி வரலாறுதான். துப்பாக்கி பிடித்தவனை அரசு என்றைக்காவது ஒருநாள் ஏற்றுக்கொள்ளும். பேனா பிடித்தவனையும் மறுத்து நின்றவனையும் அவ்வளவு சுலபத்தில் ஏற்காது. 1940ல் 'பிலடெல்பியா' என்ற கப்பலின் மெஸ் அட்டெண்டன்ட்கள் 15 பேர் 'பிட்ஸ்பர்க் கூரியரு'க்குக் கடிதம் எழுதினார்கள். எங்களை எப்படி நடத்துகிறார்கள் பாருங்கள், உங்கள் பிள்ளைகளை இங்கே அனுப்பாதீர்கள், வந்தால் எடுபிடிகளாகத்தான் ஆவார்கள் என்று கறுப்புத் தாய் தகப்பன்மாருக்குச் சொன்னார்கள். அதற்குப் பதக்கம் இல்லை. தகுதியற்றவர்கள் என்று சொல்லிப் படையை விட்டுத் துரத்தினார்கள். 1944 ஜூலை 17ல் கலிபோர்னியாவில் போர்ட் சிகாகோ துறையில் வெடிகுண்டு ஏற்றும்போது கப்பல் வெடித்து 320 பேர் செத்தார்கள். அதில் 202 பேர் கறுப்பர்கள். ஏன் என்றால் குண்டு சுமக்கும் வேலை கறுப்பர்களுக்கு, மேற்பார்வை வெள்ளையர்களுக்கு. அதே ஆபத்தான வேலையைத் திரும்பச் செய்ய மறுத்தவர்களில் 50 பேருக்குக் கலகக் குற்றம் சாட்டித் தண்டனை கொடுத்தார்கள்.

இந்தக் கணக்கெல்லாம் எப்போது தீர்ந்தது தெரியுமா? 'பிலடெல்பியா' மாலுமிகளின் பதிவைத் திருத்தியது 2023ல். போர்ட் சிகாகோக்காரர்களைக் குற்றமற்றவர்கள் என்று அறிவித்தது 2024ல், சரியாக 80 வருஷம் கழித்து. டோரிஸ் பெயரில் 1973ல் ஒரு போர்க்கப்பல் விட்டார்கள். 2020 ஜனவரியில், புதிதாகக் கட்டப்படும் ஒரு பெரிய விமானந்தாங்கிக் கப்பலுக்கு அவர் பெயரை அறிவித்தார்கள். விமானந்தாங்கிக்கு ஒரு சாதாரண மாலுமியின் பெயர் வைப்பது அதுதான் முதல் தடவை, ஒரு கறுப்பரின் பெயர் வைப்பதும் முதல் தடவை. ஆனால் மெடல் ஆஃப் ஹானர்? 1997ல் இரண்டாம் உலகப் போரின் கறுப்பு வீரர்கள் ஏழு பேருக்குக் கொடுத்தார்கள். அதில் ஆறு பேர் செத்துப் போயிருந்தார்கள். ஏழு பேரும் தரைப்படை. டோரிஸ் அதில் இல்லை.

கடைசியாக ஒன்று சொல்லி முடிக்கிறேன். தம்பி கேட்ட இதே கேள்வியை நானும் ஒருத்தரிடம் கேட்டிருக்கிறேன். எங்க பெரியப்பா. இரண்டாம் உலகப் போரில் பர்மாப் பக்கம் ரோடு போடுகிற பட்டாளத்தில் இருந்தவர். தகரப் பெட்டியில், வேட்டிக்கு அடியில், துணியில் சுற்றி ரெண்டு மெடல் வைத்திருந்தார். காலேஜ் சேர்ந்த திமிரில் நான் கேட்டேன், "வெள்ளைக்காரன் குடுத்த தகரத்தை எதுக்குப் பெரியப்பா பொத்திப் பொத்தி வச்சிருக்கீங்க?" அவர் கோபப்படவில்லை. "அங்க சார்ஜன்ட் குடிச்ச தகர டம்ளர்லதான்டா நானும் டீ குடிச்சேன். லீவுல ஊருக்கு வந்தேன், பட்டாளத்துச் சட்டையோட. கடைக்காரன் கொட்டாங்குச்சியில ஊத்தினான். குடிக்காம வந்துட்டேன். அன்னையிலேருந்து அந்தக் கடைப்பக்கம் போகல" என்றார். அவ்வளவுதான் சொன்னார். பெட்டியை மூடினார்.

எனக்கு அப்போது அது விளங்கவில்லை. இப்போது விளங்குகிறது. கொட்டாங்குச்சியைத் தள்ளிவிட்டு எழுந்து வந்தாரே, அந்த எழுச்சியின் சாட்சியாகத்தான் அந்த மெடலை வைத்திருந்தார். வெள்ளைக்காரன் விசுவாசத்துக்காக அல்ல. அவர் இறந்த பிறகு அந்தப் பெட்டி என்ன ஆனது என்று யாருக்கும் தெரியவில்லை. அவர் எந்தப் படைப்பிரிவு, எந்த வருஷம் சேர்ந்தார், ஒன்றுமே நாங்கள் எழுதி வைக்கவில்லை. அங்கே ஒரு பத்திரிகை விடாமல் தேடி ஒரு பெயரைக் கண்டுபிடித்தது. இங்கே வீட்டுக்குள்ளேயே இருந்த பெயரை நாங்கள் தொலைத்தோம்.

அதனால் மாணவர்களுக்கு ஒரு வேலை தருகிறேன். லீவுக்கு ஊருக்குப் போகும்போது நம்ம தெருவில் பட்டாளத்துக்குப் போனவர்கள் வீடு வீடாகப் போங்கள். பழைய டிஸ்சார்ஜ் சர்ட்டிபிகேட், பென்ஷன் புத்தகம், போட்டோ, மெடல் எது இருந்தாலும் பார்த்து எழுதுங்கள். பட்டாளத்தில் என்ன வேலை பார்த்தார், ஊருக்குத் திரும்பியதும் என்ன நடந்தது என்று கேளுங்கள். சண்டை போட்டவரை மட்டும் இல்லை, சமைத்தவரையும், குழி வெட்டியவரையும், ஓடி வந்தவரையும் எழுதுங்கள். பெயரை முழுசாக, அவர்கள் வீட்டில் கூப்பிட்ட மாதிரி எழுதுங்கள்.